வீடு பூட்டப்பட்டிருந்தது

அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டுத் தோற்றவர்கள் ஏராளம். ஆனால், தனக்கு எதிரான ஆதாரத்தைத் தன் கைப்பட, பிழையில்லாத அலுவலகத் தமிழில் எழுதி, சமையலறை ஜன்னல் வழியே கொடுத்தனுப்பி முதல் சுற்றிலேயே தோற்றவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் பதினோரு வருடம் தபால் பிரிவில் இருந்தேன். வருகிற ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் சுருக்கொப்பம், தேதி, நேரம் போட்டு அனுப்புவது என் வேலை. (யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால்கூட மூலையில் கிறுக்கிவிட்டுத்தான் பிரிப்பேன். அதில் பெருமை வேறு.)

அப்போதுதான் எங்கள் துறையையும் இன்னொரு துறையையும் ஒன்றாக்கினார்கள். பணிமூப்புப் பட்டியல் புதிதாகப் போட்டார்கள். அதில் நான் 'உபரி'. தர்மபுரிக்குப் போ என்றார்கள்.

என் மனைவி கல்பனா அரசுப் பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி ஐந்து வருடம் அவள் நாகர்கோவில் பக்கம், நான் திருச்சி. படாதபாடு பட்டு, திருச்சியை ஒட்டிய மண்ணச்சநல்லூருக்கு மாறுதல் வாங்கி வந்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் வீடு பிடித்து ஒரே கூரையின் கீழ் இருக்க ஆரம்பித்துப் பத்து மாதம்கூட ஆகவில்லை. மறுபடி பிரிய இரண்டு பேருக்குமே தெம்பில்லை. என் விருப்பத்தைக் கேட்காமல் மாற்றியது செல்லாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டேன்.

விசாரணைக்கு முந்தைய நாள் வக்கீல் போனில் சொன்னார்:

"நம்ம பாயின்ட் ஸ்ட்ராங்குங்க. நாளைக்கு ரெண்டரை மணிக்கு எப்படியும் ஸ்டே வாங்கிடலாம். ஆனா அதுக்குள்ள உங்கள ரிலீவ் பண்ற ஆர்டர் உங்க கைக்கு வந்துடுச்சுன்னா அவ்ளோதான். அந்தக் கவர நீங்க தொடவே கூடாது. புரியுதுங்களா?"

புரிந்தது. மருத்துவ விடுப்பு போட்டேன். மறுநாள் காலை கல்பனா என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு, சாவியோடு பள்ளிக்குக் கிளம்பினாள்.

"ஃபேன் போடாதீங்க. டிவி போடாதீங்க. யார் கூப்பிட்டாலும் வாயத் திறக்காதீங்க" என்றாள்.

வாயைத் திறக்காமல் இருக்கலாம். வயிறு கேட்க வேண்டுமே? பன்னிரண்டு மணிக்குக் குக்கரில் சாதம் வைத்தேன். இரண்டாவது விசில் வந்தபோது வாசல் பூட்டை யாரோ ஆட்டுகிற சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலடி வீட்டைச் சுற்றி வந்து சமையலறை ஜன்னலில் நின்றது.

"சார், வீடு பூட்டியிருக்கு. ஆனா சோறு வேகுதே?"

எங்கள் அலுவலக உதவியாளர் செல்வராணி அக்கா. கையில் பழுப்பு உறை. எதையும் தொடாமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க சார். உங்களப் பாத்தேன்னு நான் சொல்ல மாட்டேன். டீச்சரம்மா எவ்ளோ கஷ்டப்பட்டு இங்க வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதா? வீடு பூட்டியிருந்தா கவர் மேல அப்படியே எழுதிட்டு வந்துருன்னாரு மேனேஜர். கண்ணாடிய ஆபீஸ்லயே வெச்சுட்டு வந்துட்டேன். நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷிக்கு இரண்டு வரி எழுதித் தராமல் எப்படி? கம்பிக்கு நடுவே கை நீட்டி உறையை வாங்கினேன். குக்கர் மூடி மேல் வைத்து எழுதினேன்:

'மேற்படியாரின் இல்லத்திற்கு நேரில் சென்றபோது வீடு பூட்டப்பட்டிருந்தது. அவர் இருக்கும் இடம் அறியக்கூடவில்லை. எனவே, இவ்வுறை உரியவரிடம் சார்வு செய்யப்படாமல் திருப்பப்படுகிறது.'

படித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. செல்வராணி அக்காவும் உறையை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

பேனாவை மூடும்போதுதான் நினைவு வந்தது. அந்த உறையின் வலது மூலையில் என் கை தன்பாட்டுக்கு ஒரு காரியம் செய்திருந்தது. என் சுருக்கொப்பம், அன்றைய தேதி, 12.20.

"அக்கா! அக்கா!" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினேன். வாசலுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. (நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேனே!) கல்பனாவின் போன் வகுப்பு நேரத்தில் அலமாரியில் இருக்கும். அக்காவுக்கு ஏழு தடவை அடித்தேன். ஒன்றாம் நம்பர் பஸ் இரைச்சலில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? அலுவலகம் போகிற வழியில் காவிரிப் பாலத்தில் டிராபிக் ஜாம் ஆகட்டும் என்று ரங்கநாதரை வேண்டிக்கொண்டேன். தினமும் ஜாம் ஆகிற பாலம் அன்றைக்குக் காலியாகக் கிடந்ததாம்.

மேனேஜர் பதினோரு வருடமாக என் கையெழுத்தில் விழிக்கிறவர். பார்த்த உடனே போட்டோ எடுத்து அரசு வக்கீலுக்கு அனுப்பிவிட்டார்.

வேகாத சாதத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஐம்பதுக்கு போன் வந்தது.

"சார், உங்க கட்சிக்காரர் வீட்ல இல்லைன்னு உங்க கட்சிக்காரரே எழுதிக் குடுத்திருக்காரான்னு ஜட்ஜ் என்னக் கேக்குறாரு. நான் என்னங்க சொல்லட்டும்?" என்றார் வக்கீல். ஸ்டே கிடைக்கவில்லை.

நாலரை மணிக்கு கல்பனா ஸ்வீட் டப்பாவோடு வந்து பூட்டைத் திறந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசு தட்டினாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்றிருந்தது.

இரண்டு வருடம் தர்மபுரி. சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிறு மதியம் கிளம்புவேன். முதல் தடவை வந்தபோது வாசலிலேயே ஒரு நோட்டை நீட்டினாள். "போட்டுட்டு உள்ள வாங்க" என்றாள். 'பெறப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம், தேதி, நேரம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை 'திருப்பப்படுகிறது'. முதலில் கோபத்தில் நீட்டிய நோட்டு, போகப் போக எங்கள் விளையாட்டாகிவிட்டது. இன்றும் சொந்தக்காரர்கள் போன் செய்து நான் இருக்கிறேனா என்று கேட்டால், "வீடு பூட்டியிருக்குன்னு அவரே எழுதிக் குடுத்திருக்காருங்க" என்கிறாள். செல்வராணி அக்கா தன் பணிநிறைவு விழாவிலேயே இந்தக் கதையை மைக்கில் சொல்லிவிட்டார்.

ஸ்டே கிடைக்காவிட்டாலும் வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில், விருப்பத்தைக் கேட்டு மறுபரிசீலனை செய்யுங்கள் என்று தீர்ப்பு வந்தது. கேட்டார்கள். திருச்சிக்கே வந்துவிட்டேன். பெட்டியோடு வந்து நின்ற அன்று கல்பனா நோட்டை என்னிடம் தரவில்லை. தானே எழுதினாள்: 'பெறப்பட்டது. இனி திருப்ப இயலாது.' கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

நேரம் போடவில்லை. நோட்டை வாங்கி, மூலையில் 9.10 என்று எழுதிவிட்டுத்தான் உள்ளே போனேன்.