தானியேல் வேலி பார்க்கிறார்

கடைக்குப் போகிறவர்களில் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, விலை கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத ஒரு பிறவி நம்மிடையே உலவுகிறது. அவர்கள் கையில் பணம் இருக்கும், மனசில் ஆசை இருக்கும், வீட்டில் அவசரமும் இருக்கும். ஆனாலும் வாங்க மாட்டார்கள். "பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார்கள். எதைப் பார்த்துவிட்டு? எப்போது சொல்வார்கள்? கேட்டால் அதையும் பார்த்துட்டுத்தான் சொல்வார்கள்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் சத்துவாச்சாரிக்கு வாருங்கள். புது மனைகள் பக்கம் தானியேல் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். மூன்று பக்கம் அடைத்திருக்கும். அடைத்தது அவரல்ல, அக்கம்பக்கத்தார். முன்பக்கம் மட்டும் வெகுநாளாக ரோட்டைப் பார்த்து 'ஆ'வென்று திறந்து கிடந்தது. அங்கே ஓர் இரும்புக் கிரில் வேலி வரவேண்டியிருந்தது. வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஜெபம் பண்ண வந்த போதகரே கேட்டார், "வேலி எப்போ தம்பி?" என்று. "பார்த்துக்கிட்டே இருக்கேன் ஐயா" என்றார் தானியேல். பொய் சொல்லவில்லை. அன்றுமுதல் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அவருக்கு வேலி அழகுச் சமாச்சாரம். அவர் மனைவி அமிர்தவள்ளிக்கு அப்படியில்லை. கல்யாணமானதிலிருந்து வாடகைப் போர்ஷன்களில், மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பக்கெட்டில் ஒரே ஒரு கற்பூரவல்லியை வளர்த்துக் காலம் தள்ளியவள் அவள். சொந்தமாகக் கொஞ்சம் மண் கிடைத்ததும் ரோஜா வைத்தாள். மாடு தின்றது. கனகாம்பரம் வைத்தாள். ஆட்டுக்கு அதுவும் பிடித்திருந்தது. மொட்டைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நிற்கும்போது பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். தானியேலுக்கும் இருக்கும். உடனே பைக்கை எடுத்துக்கொண்டு இன்னும் நாலு வேலி பார்க்கக் கிளம்பிவிடுவார்.

குற்றம் அவர்மேல் இல்லை, தொழில்மேல். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவருக்குச் செலக்‌ஷன் வேலை. மேசையில் வந்து விழும் ஒவ்வொரு தோலிலும் உண்ணி கடித்த புள்ளி எங்கே, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எங்கே, முள்கம்பி கிழித்த கோடு எங்கே என்று கண்ணால் மேய்ந்து, கட்டை விரலால் தடவி, ஃபர்ஸ்ட், செகண்ட்ஸ், ரிஜெக்ட் என்று பிரித்துப் போடவேண்டும். அதில் அவர் புலி. வாரம் முழுக்கக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் வாய் வருமா?

சுருள் டிசைன் பார்த்தார், தூசி தங்கும். நேர்க்கம்பி பார்த்தார், ஜெயில் மாதிரி இருக்கிறது. விரிஞ்சிபுரத்தில் யாரோ ஒருவர் வீட்டு முறுக்குக் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றபோது உள்ளேயிருந்து ஓர் அம்மாள், "இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்மா. உங்க வெல்டிங் சரியில்ல."

அந்த அம்மாள் நாயை அவிழ்த்துவிட்டதாகக் கேள்வி.

கடைசியில் வெல்டிங் பட்டறை முஜாஹித்திடம் போனார். அவர் ஈட்டி முனை வைத்த வேலியைக் காட்டினார். யாரோ ஆர்டர் கொடுத்து எடுக்காமல் விட்டது, கேட்டோடு தயாராக இருந்தது.

"இதப் போட்டுடலாம் சார். ஆடும் வராது, மாடும் வராது. அம்மாவுக்குப் பேஜார் இருக்காது."

தானியேல் முனையைக் கட்டை விரலால் தொட்டார். முகம் கறுத்தது.

"பாய், இதுல ஒரு மாடு ஒரசுனா இன்னா ஆவும்?"

"ஓடிப் போய்டும்."

"தோல்ல கீறல் விழும், பாய்! ஃபர்ஸ்ட் போக வேண்டிய தோலு செகண்ட்ஸுக்குப் போய்டும்!"

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். தோலில் பிழைக்கிற எங்கள் பக்கத்தில் இதற்குச் சிரிப்பு வராது. முஜாஹித் சுத்தியலைக் கீழே வைத்தார். "மாடு யாருது சார்?" என்றார்.

"யாருதா இருந்தா இன்னா? பார்த்துட்டுச் சொல்றேன்."

இந்தக் கண்டுபிடிப்பை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். அமிர்தவள்ளி அப்போதுதான் மாடு மிதித்த முருங்கைப் போத்தை நிமிர்த்திக் குச்சி கட்டிக்கொண்டிருந்தாள்.

"என் செடியெல்லாம் தின்ன மாட்டுக்குக் கீறல் படக்கூடாதுன்றீங்க. சரி. எனக்குப் பட்டா பரவால்லியா?"

தானியேல் வாயைத் திறந்தார். எந்த வாக்கியம் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவர் ஆம்பூர் பஸ் ஏறியதும், பக்கத்து வீட்டு அக்தரி பேகத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். "எது இன்னிக்கே ஆவுமோ அதப் போடுங்க" என்றாள். தேர்வு அவ்வளவுதான். பேகம் பட்டறை ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை.

சாயங்காலம் தானியேல் வந்தபோது ஈட்டி முனைகள் வரிசையாக நின்றன. வழக்கமாக வரும் மாடும் வெளியே நின்றுகொண்டிருந்தது. முதலில் மாட்டின் விலாவைத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. பிறகு வேலியைத் தடவினார்.

"இங்க பிசிறு விட்டிருக்கான். இந்தக் கம்பி ஒரு நூல் சாஞ்சிருக்கு. பெயிண்ட் ஒரு கோட்டுதான் போல."

அமிர்தவள்ளி உள்ளே ரோஜாவுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் மண்ணும் சந்தோஷமும் அப்பிக் கிடந்தன.

"உள்ள வர்றதா இருந்தா வாங்க, டீ இருக்கு. குறை சொல்றதா இருந்தா அங்கியே நின்னு சொல்லிட்டு வாங்க."

மாடு புரிந்துகொண்டு கிளம்பிவிட்டது. தானியேலின் கை கேட்டின் தாழ்ப்பாள்வரைக்கும் போனது. பாதியில் நின்றது.

"தாழ்ப்பா இன்னும் கொஞ்சம் கீழ வச்சிருக்கலாம்."

அவள் எழுந்து வந்தாள். கேட்டுக்கு உள்பக்கம் பூட்டைப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டீயைச் சூடுபண்ணப் போய்விட்டாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, 'கேட்டின் அகலத்தை எழுதவில்லையே', 'அந்த மாட்டுக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் போதுமே', 'முடிவை இன்னும் கொஞ்சம் நன்றாக வைத்திருக்கலாமே' என்று உங்கள் மனம் ஓர் ஓரத்தில் முணுமுணுத்திருக்குமானால், நீங்களும் அந்த இனம்தான்; சும்மா எழுந்து போய், உங்கள் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்று ஒரு தடவை தள்ளிப் பாருங்கள்.