முழங்காலும் ஒரு வாரப் பரிகாரமும்

அன்புள்ள மச்சானுக்கு, அல்ல, வணக்கத்துக்குரிய சுவாமிகளுக்கு,

அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. நீங்கள் குருப்பட்டம் வாங்கி இருபத்தாறு வருடமாகியும் உங்களை எப்படி அழைப்பதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் பாதியை மச்சானாகவும் மறுபாதியைச் சாமியாராகவும் படித்துக்கொள்ளவும். ஆண்டவர் கிருபையால் இங்கே ஒருவரைத் தவிர எல்லோரும் சுகம். அந்த ஒருவர் யாரென்று போகப் போகத் தெரியும்.

உங்கள் அக்கா ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் சம்பளத்துக்கு நர்ஸ் வேலை, அது முடிந்ததும் வீடு வீடாகச் சம்பளமில்லாத நர்ஸ் வேலை என்று நாற்பத்து நான்கு வருடம் ஓடியவள். ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிய நாக்கு காய்வதற்குள் ஒரு நோயாளியைத் தொட்டாக வேண்டும் என்பது அவள் சட்டம். "உள்ள வாங்குன ஆண்டவர நாலு பேர்கிட்ட கொண்டுபோகாம நேரா வீட்டுக்கு வந்தா எப்படி?" என்பாள். கல்யாணத்தன்று போட்டோ எடுக்கும் நேரத்தில் மணப்பெண்ணைக் காணோம் என்று தேடினால், கோயில் பின்வாசலில் மணியடிப்பவர் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்றால் அடங்கும் என்று நம்பியிருந்தேன். ஓய்வு பெற்றதும் அந்த எட்டு மணி நேரமும் இதோடு சேர்ந்துகொண்டது.

இப்போது முழங்கால். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணிக்கலேன்னா வருஷக் கடைசில நடக்கவே முடியாதும்மா" என்றார். மூன்று முறை தேதி குறித்தாயிற்று, மூன்று முறையும் தள்ளிப் போட்டாயிற்று. கேட்டால் எங்கள் தெருத் தையல்காரர் கால் புண் ஆறட்டும் என்கிறாள், அது ஆறினால் இன்னொருவர் புண் காத்திருக்கிறது. நான் முப்பத்தைந்து வருடம் லிப்ட் மெக்கானிக். ஊரையே நோகாமல் மேலே ஏற்றிவிட்டவன் பெண்டாட்டி ஏறுவதெல்லாம் லிப்ட் இல்லாத மாடி. பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என்ன என்று கேட்டால் ஜெபமாலை சொல்கிறேன் என்று சாதிப்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.

அதனால்தான் பங்குச் சாமியாரிடம் போய், "அவ பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண வர்றப்போ, ஒரு வாரம் வீட்டோட கிடன்னு பரிகாரம் குடுத்துடுங்க சாமி" என்று கெஞ்சினேன். "பாவசங்கீர்த்தனம் ரகசியம், அதப் பத்தியெல்லாம் என்கிட்ட பேசவே கூடாது" என்று காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் அந்தச் சனிக்கிழமையே உங்கள் அக்கா தொங்கிய முகத்தோடு வந்து, "ஒரு வாரம் யார் வீட்டுப் படியும் ஏறக்கூடாதாம்" என்றாள். நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

சிரித்தது தப்பு. ஞாயிறு பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கதவு மணி அடித்தது. அவள் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை, சொன்ன சொல் தவறவில்லை, அவர்கள்தான் எங்கள் வீட்டுப் படி ஏறினார்கள். தையல்காரரை நாற்காலியோடு நான்கு பேர் மூன்று மாடி தூக்கி வந்தார்கள், பார்க்கச் சகிக்காமல் எங்கள் கட்டடத்தில் இரண்டு நாளாகப் படுத்துக்கிடந்த லிப்டைப் பனியனோடு இறங்கி நானே சரிசெய்தேன், அது ஓடுகிறது என்று தெரிந்ததும் அடுத்த தெருக்காரர்களும் வந்தார்கள், என் சாய்வு நாற்காலி கட்டுப் போடும் இடமாயிற்று, சாப்பாட்டு மேசை முழுக்கப் பஞ்சு, என் கண்ணாடி யாரோ ஒரு பாட்டியின் மூக்கில் உட்கார்ந்து மருந்துச் சீட்டைப் படிக்கிறது, என் வீட்டுக் குளியலறைக்கு நான் ஏழாவது ஆளாக வரிசையில் நிற்கிறேன். புதன்கிழமை பங்குச் சாமியாரே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கால் விரலில் சர்க்கரைப் புண்.

"எத்தன நாளா மறைச்சீங்க, சாமி?" என்றாள் உங்கள் அக்கா.

"மூணு வாரம்."

"வேற என்ன மறைக்கிறீங்க?"

"ராத்திரி இனிப்பு" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

இனி அவர் அவளை எதிர்த்து வாயைத் திறக்க மாட்டார். ஆகவே நீங்கள்தான் உடனே புறப்பட்டு வர வேண்டும். தம்பியாக அழுங்கள், சாமியாராக அதட்டுங்கள், எப்படியாவது அந்த ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வையுங்கள். அவளுக்கு முன்னால் நடக்கத் தெரியாமல் போனவன் நான். அவளும் நடக்காவிட்டால் எங்கள் வீட்டில் யார் பின்னால் யார் போவது?

வயதில் சிறியவர் என்பதால் என் ஆசி உங்களுக்கு, சாமியார் என்பதால் உங்கள் ஆசி எனக்கு. இரண்டும் வழியில் மோதிக்கொள்ளாமல் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு. தபாலில் போடுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. நீங்கள் வர வேண்டாம். "எனக்குப் பதிலா ஒரு ஆள் இருந்தா நாளைக்கே போய்ப் படுத்துக்குவேன்" என்றாள். "யாரு?" என்று கேட்டுத் தொலைத்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான்கு நாள் பயிற்சிக்குப் பிறகு நேற்று முதல் கட்டு, பங்குச் சாமியாருக்கு. அவர் எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் தையல்காரர், "அம்மா கையவிட அய்யா கை மெதுவா இருக்கு" என்றார். அதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன், ஆறு வாரம் ஓய்வு, அதுவரை வீடு வீடாக நான்தான். அதை எட்டு வாரமாக்க முடியுமா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டிருக்கிறேன். முழங்காலுக்காகக் கேட்டேன் என்று உங்கள் அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.