விதிப்படி ஒரு சைக்கிள்

அரசாங்க சைக்கிள் பாதுகாப்புப் பிரிவில் 'பிரேக் சார்' என்றால் ஓடுகிற செயினும் கழன்றுவிடும். பத்தொன்பது வருஷ சர்வீஸ். மணி அடிக்காத சைக்கிளைப் பிடிப்பார். அடித்தால், ஏன் இவ்வளவு சத்தம் என்பார்.

அப்பேர்ப்பட்டவரை, ஆபீஸ் வாசலில், பியூன் பார்க்க, மின்சார சைக்கிளில் உரசாத குறையாக முந்திப் போனாள் ஒருத்தி. "ஓரமா நடங்க!" என்று அதட்டல் வேறு. கட்டிய மனைவி! தையல் வகுப்பு எடுக்கப் போய்வர அன்று காலைதான் வாங்கியிருந்தாள்.

சாயங்காலம் விதிப் புத்தகமும் கையுமாக வந்தார். வண்டியை முடக்கியே தீருவது என்று முடிவு.

"இருபத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினா மோட்டார் தானா நிக்கணும். நிக்கலேன்னா பறிமுதல்!"

"நிக்கும்."

"பிரேக்?"

"ரெண்டு சக்கரத்துக்கும் இருக்கு. உங்க வாய்க்குத்தான் இல்ல."

"சோதிக்கணும். விதி!"

"தாராளமா. அந்தப் புத்தகத்தக் குடுங்க."

விரலை நனைத்துப் பக்கம் புரட்டினாள். "'பாரத்தோடு ஓட்டிப் பார்க்கவும்'னு இருக்கே. வெறும் வண்டிய ஓட்டினா சோதனையா?"

அவர் புத்தகத்தைத் திரும்ப வாங்குவதற்குள் தையல் மெஷினின் இரும்புத் தலை பின்னால் ஏறிவிட்டது. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லி மூன்று மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

வேக வரம்பை மீறவைத்தே தீருவேன் என்று மிதித்தார். இருபத்தைந்தைத் தொட்டதும் மோட்டார் சொன்ன சொல் தவறாமல் நின்றது. ரிப்பேர் கடை வரை மீதித் தூரம் ஓடியது அவருடைய முழங்கால்.

மறுநாள் ஈரத்தில் பிரேக் சோதனை. வண்டியோடு சேர்த்து முற்றத்தையும் கழுவினார். மூன்றாம் நாள் மேடு ஏறும் சோதனை. ஊரிலேயே பெரிய மேட்டில்தான் மாமியார் வீடு. இரண்டு வருஷமாக எட்டிப்பார்க்காத மருமகன் உருளைக்கிழங்கு மூட்டையோடு மூச்சிரைக்க வந்து நின்றதில் மாமியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. விதி வலியதுதான்.

நான்காம் நாள் வரை துருவியும் ஒரு குறை சிக்கவில்லை. கடமை தவறாதவர். சான்றிதழில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார்.

"தேறிடுச்சு போ. இனி ஆள விடு."

அவள் காகிதத்தை வாங்கினாள். முத்திரையைச் சரிபார்த்தாள். மதிலுக்கு அப்பால் இருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் குரல் கொடுத்தாள்:

"அக்கா, இவர் நல்லாவே சோதிக்கிறார்! உங்க புது சைக்கிள நாளைக்கு அனுப்புங்க. பாரத்துக்கு, ரிப்பேராக் கெடக்கற தண்ணி மோட்டாரையும் கட்டி வச்சிடுங்க!"