பொறுங்கோ சேரும் மூடாத பைலும்

இந்தத் தீவில் ‘அவசரம்’ என்ற சொல்லை ஒரு தடவைகூட வாயில் எடுக்காமல் முழு உத்தியோக காலத்தையும் ஓட்டி முடித்த ஒரே மனிதர் எங்கள் பொறுங்கோ சேர்தான். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளத் தாளில் இருந்தது. வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை.

கண்டி நகரத்தில் தேயிலைத் தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகம் எங்களுடையது. நான் தட்டச்சு. அவர் ஊழியர்களின் பைல்கள் இருக்கும் அறைக்கு ராஜா. வடக்கிலிருந்து வந்தவர். எதைக் கேட்டாலும், யார் கேட்டாலும், அவருடைய முதல் வார்த்தை “பொறுங்கோ”. மனேஜர் பைல் கேட்டால் பொறுங்கோ. தொலைபேசி அடித்தால் அதற்கும் பொறுங்கோ. “தாலி கட்டுற நேரம் ஐயருக்கும் பொறுங்கோன்னு சொல்லியிருப்பாரு இந்த மனிசன்” என்பார் எங்கள் பியோன், மடவளை நஸீர் நானா.

ஒருநாள் தேநீர் போடுகிற மூலையில் கேத்தல் வயர் பற்றிப் புகை கிளம்பியது. நாங்கள் செருப்பைக்கூடத் தேடாமல் படியிறங்கி ஓடினோம். பொறுங்கோ சேர் மட்டும் வரவில்லை. பைல் அறையின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடி, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, மறந்துபோன குடையைத் திரும்பப் போய் எடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கி வந்தார். எனக்கு வந்த கோபத்தில் நல்லாய்க் கேட்டுவிட்டேன்.

“உயிரை விட பைல் பெருசா சேர்?”

“பொறுங்கோ பிள்ளை. எண்பத்து மூண்டு கலவரத்தில நான் இருந்த அறையை எரிச்சவங்கள். என்ரை சேர்ட்டிபிகேட் எல்லாம் அதோட போட்டுது. நான் படிச்சவன் எண்டதுக்கு இப்ப என்ரை வாய் மட்டும்தான் சாட்சி.”

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பைல்களை அவர் பைல் என்று சொல்லமாட்டார். ‘ஆள்’ என்பார். “ஆள் மேல்தட்டில இருக்கிறார், பொறுங்கோ, இறக்கித் தாறன்.” தட்டில் இடம் போதாவிட்டால், “கொஞ்சம் தள்ளி இரும் ஐசே” என்று ஒரு பைலுக்குச் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். கொடுக்கும் முன் பைலை முழுக்க வாசிப்பார். “யாரெண்டு தெரியாமல் ஒரு ஆளைத் தூக்கிக் குடுக்கேலாது” என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்.

அந்த ஆட்களில் ஒருவன் சவரி. எங்களோடு வேலை பார்த்த கிளார்க், பிலிமத்தலாவைப் பையன். கம்பெனி வேலையாகக் கொழும்புக்குப் போனவன் லொட்ஜில் தங்கியிருந்தபோது பொலிஸ் ரவுண்டப் வந்து சுற்றிவளைத்தது. அடையாள அட்டையைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று லொட்ஜ்காரர் சொன்னார். அதோடு சரி. எந்தப் பொலிசில் கேட்டாலும் அப்படி ஒருவரை நாங்கள் எடுக்கவில்லை என்ற ஒரே பதில். சவரியின் அம்மாவோடு பொறுங்கோ சேரும் போனார். வடக்கு ஆள், அந்தக் காலத்தில் பொலிஸ் வாசலை மிதிப்பதே ஆபத்து. சிங்களத்தில் அவருக்குத் தெரிந்தது “பொட்டக் இன்ன” மட்டும். அதற்கும் பொறுங்கோ என்றுதான் அர்த்தம். அதை அவர் ஒரு இன்ஸ்பெக்டரிடம் சொல்லப் போய், பின்னேரம் வரைக்கும் வாங்கில் உட்காரவைத்துத்தான் அனுப்பினார்கள்.

சவரி வேலையைக் கைவிட்டதாக அவன் வீட்டுக்குக் கடிதம் அனுப்பிப் பைலை மூடச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பொறுங்கோ சேர் பொறுங்கோ என்றார். மறுபடி வந்தது. மறுபடியும் சொன்னார். கொழும்பில் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். மாதம் ஒருமுறை அந்த அம்மா பஸ் ஏறி வருவார். கையில் கொய்யாப்பழம் இருக்கும். “தம்பி பைல் தொறந்துதான் இருக்குங்களா சேர்?” என்று கேட்பார். சேர் அதை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைப்பார். அந்த அம்மா மட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

சமாதானம், பேச்சுவார்த்தை என்று நாடு கொஞ்சம் மூச்சுவிட்ட வருடங்களில் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பைல்களை எல்லாம் படமெடுத்து உள்ளே ஏற்றிவிட்டு, கடதாசியைக் கொழும்பில் ஒரு களஞ்சியத்துக்கு அனுப்புவது திட்டம். அதை நடத்திவைக்கக் கொழும்பிலிருந்து டை கட்டிய ஒரு பையன் வந்தான். டை தம்பி என்று பெயர் வைத்தோம். நான் படமெடுத்து, ஒவ்வொரு ஆளுக்கும் பெயர், பிறந்த திகதி, விலாசம் என்று கட்டம் கட்டமாக நிரப்புவேன். பிறகு ஒரு கட்டுப் பைல்களைச் சேர்த்து ஒரேயடியாக உள்ளே தள்ளவேண்டும். ஒரே ஒரு ஆளுக்கு ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் போதும், அந்த மெஷின் முழுக் கட்டையும் வெளியே துப்பிவிடும்.

துப்பியது. திரும்பத் திரும்பத் துப்பியது. திரை முழுக்கச் சிவப்பு. டை தம்பி டையைத் தளர்த்திக்கொண்டு தேடிப் பார்த்ததில், சவரியின் கடைசிக் கட்டம் காலியாகக் கிடந்தது. அங்கே ‘அக்டிவ்’ அல்லது ‘க்ளோஸ்ட்’ என்று போடவேண்டும். அதை நிரப்பவேண்டாம் என்று எனக்குச் சொல்லிவைத்திருந்தது பொறுங்கோ சேர்.

“அங்கிள், இவர் வேலைக்கு வாறாரா?”

“இல்லை.”

“அப்போ க்ளோஸ்ட் போடுங்க.”

“பொறுங்கோ. அவர் வேலையை விடேல்லை.”

“அப்போ செத்துட்டாரா?”

“அதை நீரும் சொல்லேலாது, நானும் சொல்லேலாது. வேற என்ன இருக்கு?”

“சிஸ்டத்துல ரெண்டு தான் அங்கிள் இருக்கு.”

“அப்ப இந்தச் சிஸ்டம் எங்கட நாட்டுக்குச் செய்ததில்லைத் தம்பி.”

வேலை நின்றது. கொழும்பிலிருந்து போன் மேல் போன். மனேஜர் வந்து கெஞ்சினார், பிறகு கத்தினார், பிறகு போய் உட்கார்ந்துகொண்டார். டை தம்பிக்கு அழுகை வராத குறை. நஸீர் நானா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றியே களைத்துப்போனார். ஒரு காணாமல் போன பையனுக்காக அந்தக் கட்டில் இருக்கிற அத்தனை ஆட்களும் மெஷினின் வாசலில் நின்றார்கள். கடைசியில் ஒரு காலை சேர் என் மேசைக்கு வந்தார். “அக்டிவ் எண்டு போடும் பிள்ளை. சம்பளம் வேற புத்தகம்தானே, ஒருத்தருக்கும் நட்டமில்லை.” போட்டேன். முழுக் கட்டும் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.

“ஆள் உள்ளுக்குப் போட்டாரோ?”

“போயிட்டாரு சேர்.”

“கதவு பூட்டேல்லைத்தானே?”

“இல்ல சேர்.”

அடுத்த மாதம் சவரியின் அம்மா வந்தபோது காட்டுவதற்கு மட்டை இல்லை. திரையில் காட்டினோம். உற்றுப் பார்த்துவிட்டு, “கரண்ட் போனா என்னங்க செய்வீங்க?” என்றார். சேருக்கு அன்று வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மெஷின் வந்த முதல் நாளே டை தம்பியிடம் அவரும் அதையேதான் கேட்டிருந்தார்.

அந்த மெஷினுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. வருட முடிவில், அக்டிவ் என்று போட்ட எல்லோருக்கும் லீவு எத்தனை நாள் மீதி என்று கொழும்பிலிருந்து தானாகவே கடிதம் அடித்து வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிடும். தை மாதம் ஒரு காலை, வழக்கமாக வராத நாளில், சவரியின் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒரு பொலித்தீன் பைக்குள் அந்தக் கடிதம்.

“சேர், தம்பிக்கு லீவு இருக்குன்னு கொழும்புல இருந்து எழுதியிருக்காங்க. பக்கத்து வீட்டு டீச்சர் வாசிச்சுச் சொன்னாங்க. பெரிய ஆபீஸ்ல சும்மா எழுதுவாங்களா? அவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சு தானே எழுதியிருப்பாங்க? லீவு கெடைச்சா வீட்டுக்குத் தானே வருவான்?”

பொறுங்கோ சேரைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தது, அந்த ஒரு சொல் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அம்மா, அது மெஷின் அனுப்பினது. உள்ளுக்கு இருக்கிற எல்லாருக்கும் அனுப்புமாம். நான்தான் அவரை இருக்கிறார் எண்டு போடச் சொன்னனான். பிழை என்னில. இப்பவே மாத்திப்போடுறன்.”

வாழ்க்கையில் ஒருநாளும் கீபோர்ட்டைத் தொடாத மனிதர் என் பக்கம் குனிந்து, சுட்டுவிரலால் எதையோ தேடினார்.

“பொறுங்க சேர்” என்றார் அந்த அம்மா.

அந்தக் கட்டிடத்தில் சேரைப் பார்த்து அதைச் சொன்ன முதல் ஆள் அந்த அம்மாதான்.

“மாத்தாதீங்க. பஸ்ல வரும்போதே எனக்கும் மனசுக்குள்ள பட்டுச்சு. ஆனா, தம்பி பேருக்கு ஒரு கடுதாசி வந்து எவ்வளவு காலமாச்சு. தபால்காரர் வாசல்ல நின்னு அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு சேர். வருசா வருசம் வருங்களா?”

“வரும் அம்மா” என்றார் சேர்.

அன்று முழுக்க அவர் ஒருவரிடமும் பொறுங்கோ சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டவுடன் செய்து கொடுத்தார். எங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. மனேஜரே எட்டிப் பார்த்து, உடம்புக்குச் சரியில்லையா என்று விசாரித்தார்.

அவர் ஓய்வு பெற்றபோது தன் பைலைத் தானே மூடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ‘க்ளோஸ்ட்’ போட்டார். “நான் வேலையை விட்டிட்டன் எண்டு எனக்கு வடிவாத் தெரியும். அதால இதில பிழையில்லை. நீர் சவரியைப் பாத்துக்கொள்ளும்.” சமாதானத்தில் வடக்குக்குப் போகும் பாதை திறந்திருந்த காலம். மனைவி வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் தகப்பனின் வயலோடு இருந்தார். எத்தனையோ வருடமாக அந்த மனுசியையும் பொறுங்கோ என்றே வைத்திருந்தவர், ஒருவழியாகப் புறப்பட்டார். பஸ் ஸ்டாண்டில் நானும் நஸீர் நானாவும் நின்றோம். கொண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்த, பொறுங்கோ என்று அவனையும் நிறுத்திவைத்து, “போட்டு வாறன் பிள்ளை” என்றார்.

கொஞ்ச நாள் கடிதம் வந்தது. வயலில் மாடு தன் பேச்சைக் கேட்பதில்லை என்று எழுதியிருந்தார். பிறகு பாதை மூடியது. பிறகு யுத்தம். பிறகு முடிந்துவிட்டது என்று இங்கே வெடி கொளுத்தினார்கள். நான் முகாம்களிலிருந்து வந்தவர்களை எல்லாம் தேடித் தேடிக் கேட்டேன். கண்டதாக ஒருவர் சொன்னார். அது வேறு ஆள் என்று இன்னொருவர் சொன்னார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இருந்த நாளில் அந்த மனிதர் பிறந்த ஊரின் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கடித உறையில் இருந்த வன்னி விலாசம் மட்டும் இருக்கிறது.

சவரியின் அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கல். ஆனாலும் வருகிறார். ஒருநாள் வழக்கம்போல் மகனுடைய பைலைக் கேட்டார், இருக்கிறது என்றேன். பிறகு கேட்டார்:

“சேரோட பைல் தொறந்திருக்குங்களா?”

அவரே மூடிவிட்டுப் போனது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு, சேருடைய பெயரைத் தேடி எடுத்து, க்ளோஸ்ட் என்றிருந்ததை அக்டிவ் ஆக்கி, விலாசத்துக்குக் கடித உறையில் இருந்ததைப் போட்டேன். “தொறந்துதான் இருக்கும்மா” என்றேன்.

இப்போது வருட முடிவில் எங்கள் அலுவலகத்து ஆட்களில் அப்படி இரண்டு பேருக்குக் கடிதம் போகிறது. பிலிமத்தலாவைக்குப் போவது போய்ச் சேர்கிறது. வன்னிக்குப் போவது, ஆள் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வருகிறது. கொழும்பிலிருந்து ஒரு புதுப் பையன், இந்த ஆள் யார் மிஸ், மூடட்டுமா என்று போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான். பொறுங்க தம்பி என்று வைத்திருக்கிறேன்.

உங்கள் லீவுக் கணக்கில் ஒரு நாள்கூடக் குறையாமல் அப்படியே இருக்கிறது சேர். ஆனாலும் லீவு போதும். வந்துருங்க.