ராட்சசிக்கு வந்த முகம்

அரியலூர்
விய வருஷம், ஐப்பசி மாதம்

திருமழபாடி மைத்துனர் ஆண்டவர் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜானகியின் புருஷனாகிய நல்லுசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் அச்சு மிஷினும் ஏதோ இருக்கிறோம். அவ்விடம் தாங்களும் தங்கள் சம்சாரமும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். அத்தையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவர்கள் உடம்பு இரும்பு.

எந்தக் கடிதம் வந்தாலும் கூடத்தில் நின்று வீடு முழுக்கக் கேட்க உரக்கப் படிப்பது தங்கள் வழக்கம். அந்த வழக்கம் எனக்கு இதுவரை பிடித்ததில்லை. இந்தத் தடவை காலில் விழுந்து கேட்கிறேன் மச்சான், இன்னும் கொஞ்சம் உரக்கப் படியுங்கள். ஜானகி அடுப்படியில் இருந்தாலும் காதில் விழ வேண்டும். படித்துவிட்டுத் தாளைத் திருப்புங்கள். யுத்தம் முடிந்தும் எழுதக் காகிதம் கிடைக்காததால், என் பாழாய்ப்போன புத்தகத்தின் அட்டைக்குப் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் இருப்பவள் தங்கள் தங்கை இல்லை. சத்தியமாக இல்லை. அவள் ரஞ்சன்குடிக் கோட்டை ராட்சசி.

கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அச்சடித்தே என் காலம் போகிறது. இந்த வருஷம் முன்னது குறைச்சல், பின்னது அதிகம். சனங்கள் சிரிக்கிற மாதிரி ஒன்றாவது அடிப்போம் என்று நானே ஒரு படக்கதை எழுதினேன். கோட்டைக்குள் புதையல் தேடிப் போகிற இரண்டு திருடர்களை ஒரு ராட்சசி பிடித்து மாவாட்ட வைக்கிறாள், அவ்வளவுதான் கதை. உள்ளே கட்டம் கட்டமாக வருகிற படங்களில் அவள் முதுகைத்தான் காட்டுவாள். முகம் அட்டையில் மட்டும். அந்த முகத்துக்காகப் பெரம்பலூரிலிருந்து முருகையனை வரவழைத்தேன். கோயில் சுவருக்கும் காபி கிளப் போர்டுக்கும் படம் எழுதுகிறவர். பென்சிலில் கோடு போட்டுக் காட்டினார், கண் இரண்டும் காது வரைக்கும் ஓடுகிறது. “ஏங்க, ராட்சசிக்குப் போயி அம்மன் கண்ணு போட்டிருக்கீங்களே” என்றேன். “எனக்குத் தெரிஞ்ச பொம்பளக் கண்ணு அது ஒண்ணுதாங்க. வேற கண்ணு வேணும்னா வேற ஆளப் பாத்துக்கங்க” என்றார். சரி, கோரைப் பல்லாவது வையுங்கள் என்றால், “பல்லு எழுதுனா எனக்குச் சோளக்கதிராட்டம் வந்துடுதுங்க” என்று சொல்லி வாயை இறுக மூடிவிட்டார். கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிற வாய்.

அடுத்து வந்தவர் பூமாலை. ரயிலடியிலும் திருவிழாவிலும் புத்தகக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு விற்கிறவர். அவர் தலையாட்டாவிட்டால் என் புத்தகம் கரையானுக்குத்தான். படத்தை எட்ட வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “வூட்டுப் பொம்பளைங்க பாத்தா கை நீட்டி எடுக்கணும்ல? மூக்கு மொட்டையா நிக்கிது. ரெண்டு பக்கமும் மூக்குத்தி போடுங்க.” இரண்டு மூக்குத்திக்கு மூக்கில் இடமில்லை என்று முருகையன் மூக்கை அழித்து எடுப்பாக எழுதினார். படத்தைத் தகட்டில் வெட்டிய பிளாக் திருச்சியிலிருந்து வந்தது. நம் மிஷின்காரன் கண்ணையன் அதை மரக்கட்டைமேல் வைத்து ஆணி அடித்தான். ஓரத்தில் அடித்தது போதாது, நடுவில் ஆடுகிறது என்று மோவாய்ப் பக்கம் ஒன்று அடித்தான். அதன் தலை துருத்திக்கொண்டு தாளுக்குத் தாள் மோவாயில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தது. ராட்சசி உடம்புக்குப் பச்சை மை கேட்டிருந்தேன், கிடைத்தது மஞ்சள். “மஞ்சளா இருந்தா ராட்சசி இல்லன்னு எவன் சொல்லப்போறான் மொதலாளி?” என்று கண்ணையன் சமாதானம் சொன்னான். இதில் நான் கை வைத்தது அந்த மஞ்சளில் மட்டும்தான். காலையில் அடித்த தாள்களில் வெளிறிப்போய்க் கிடந்தது. மத்தியானம் சோறு உண்ணும்போதும் அதே நினைப்பு, என்ன குழம்பு என்றுகூடத் தெரியாது. திரும்பி வந்து மையை ஏற்றச் சொன்னேன், பளிச்சென்று விழுந்தது. ஆளாளுக்கு முதுகில் தட்டிக்கொண்டோம். பூமாலை ஈரம் காய்வதற்குள் ஒன்றை உருவிக்கொண்டு போய்ச் சந்தை வழியில் சுவரில் ஒட்டிவிட்டார்.

பொழுது சாய்கையில் கண்ணையன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். “மொதலாளி, அக்கா படத்த எதுக்கு அட்டையில போட்டீங்க?”

நிமிர்ந்து பார்த்தேன் மச்சான். அம்மன் கண்ணு, மூடின வாய், ரெண்டு மூக்குத்தி, எடுப்பான மூக்கு, மோவாயில மச்சம், வெள்ளிக்கிழமை தலைமுழுகின மஞ்சள் முகம்! ஜானகியை முன்னே பின்னே பார்த்திராத முருகையன் தொடங்கி, ஆளுக்கொரு கை போட்டு, நாலு ஆம்பளைங்க சேர்ந்து அவளைப் பெத்து வெச்சிருக்கோம். கீழே கொட்டை எழுத்தில் ‘ராட்சசி’ என்று வேறு போட்டிருக்கிறது. வேட்டி அவிழ ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது, சாவி நிலைப்படி மேல். பெட்டியோடு பஸ் ஏறினதாக டீக்கடையில் சொன்னார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். சுவரில் தன் மூஞ்சியைப் பார்த்திருக்கிறாள், வேறென்ன?

அன்றிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நான் பொங்கினால் சோறு அடியில் கருகி மேலே அரிசியாக நிற்கிறது. அவள் உலர்த்திய சேலை கொடியிலேயே இருக்கிறது, எடுத்து மடிக்க மனசு வரவில்லை. அவள் இருந்தபோது நான் பெரிதாகப் பேசினவன் இல்லை, இப்போது பேச வேண்டியதையெல்லாம் அச்சு மிஷினிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிரிப்புப் புத்தகம் போட்டவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிகிறான் என்று கடைத்தெருவில் சிரிக்கிறார்கள். புத்தகத்துக்கு இதுவரை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை அட்டையையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுகிறேன். வாய்க்கு முருகையன் பொறுப்பு, மூக்குத்திக்குப் பூமாலை, மச்சத்துக்குக் கண்ணையன். மஞ்சளுக்கு மட்டும் நான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். எடுத்துச் சொல்லி அவளை அனுப்பி வையுங்கள். மழபாடி ஈசன் தங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒரு தலைவலிகூட வராமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தயவை நம்பியிருக்கும்
நல்லுசாமி

பி.கு.: இது தனித் தாள். மேற்படி கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பினால், ஜெயங்கொண்டம் போயிருந்த பக்கத்து வீட்டுக் கண்ணகி வாசலில் நிற்கிறது. “அண்ணே, உங்க மாமியாருக்கு இப்ப தேவலாமா?” என்றது. ஏன், அவங்களுக்கு என்ன என்றேன். “என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க! கெணத்தடியில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கெடக்காங்கன்னு ஆள் வந்து சொல்லல? அக்கா உங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டே அழுதுக்கிட்டே சொன்னாங்களே, நானும் மோருக்கு வந்து நின்னேனே. போயிட்டு வரட்டுங்களான்னு கேட்டாங்க. நீங்க அவங்க மூஞ்சியவே உத்துப் பாத்துட்டு, ‘மஞ்சள் பத்தல, இன்னும் கொஞ்சம் ஏத்தணும்’னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அக்கா அந்தக் கையோட பஸ் ஏறிட்டாங்க.” அட்டையை ஒட்டினது அதற்கப்புறம். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

தபால் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரைக்கும்தான் போகிறது. ஆகையால் பூமாலை கையில் இதைக் கொடுத்துச் சாயங்கால பஸ்ஸில் அனுப்புகிறேன். கூடவே வந்து முகத்தில் முழிக்க எனக்குத் தைரியமில்லை, காலையில் வருகிறேன். இது முந்தி வந்தால், பின்னால் வருகிற கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போடவும். இந்தத் தாளையும் திருப்ப வேண்டாம், என்னிடம் இருக்கிற எல்லாத் தாளுக்கும் பின்னால் அவள்தான் இருக்கிறாள். ஒருவேளை நான் சொன்னபடியே அதை உரக்கப் படித்து முடித்துவிட்டீர்களானால், இதையும் அதே குரலில் படித்துவிடுங்கள்:

ஜானகி, அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு?