இறந்தகாலத்தில் அப்பா

என் அப்பாவை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். சனிக்கிழமை காலை, மூன்றே நிமிடத்தில், புல்லாங்குழல் பின்னணியோடு. போலீஸ் வரவில்லை. வந்திருந்தாலும் அன்று எங்கள் வீட்டில் நிற்க இடம் இருந்திருக்காது.

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு சமூக மன்றத்தில் நான்கு வார வகுப்பு நடந்தது. உங்கள் குடும்பக் கதையை நீங்களே காணொளியாக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பல் மருத்துவமனை முகப்பில் உட்கார்ந்து நம்பர் கூப்பிடுவதைத் தவிர வேறு கலை அறியாத நான், அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பார்ப்பவர் எல்லாரும் அழும்படி ஒரு படம் எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு சேர்ந்தேன். (அழத்தான் செய்தார்கள்.)

சொல்லித்தந்த நஸ்ரின் என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் குரல்பதிவைக் கேட்டதுமே உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, ஒரு இடத்துல 'செஞ்சார்'ங்கிறீங்க, ஒரு இடத்துல 'செய்றார்'ங்கிறீங்க. கதைன்னா ஒரே டென்ஸ்ல போகணும் லா. ஸ்கூல்ல படிச்சோமே, இறந்தகாலம், அதுலயே முழுசா சொல்லிடுங்க."

சொன்னேன். முழுசாகவே சொன்னேன். "என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டினார். சத்தமாகத் தும்மினார். வடை என்றால் உயிரை விட்டார். நல்ல மனிதராக இருந்தார்."

அதோடு விட்டேனா? கம்பீரம் வரட்டும் என்று அப்பாவின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். செயலியில் தயாராகக் கிடந்த சட்டங்களில், பூ உதிர்ந்து ஓரத்தில் விளக்கு எரிகிற ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பிறந்த வருடம் கேட்டது, போட்டேன். பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டேன். செயலி ரொம்ப சமத்து, நடப்பு வருடத்தை அதுவே போட்டுக்கொண்டது. நான் எங்கே அதைக் கவனித்தேன்? என் குரலின் உருக்கத்தில் எனக்கே கண் கலங்கிப்போயிருந்தது.

கடைசி வகுப்பு தொடங்குமுன், நாலு பேர் கருத்துச் சொல்லட்டும் என்று அதைக் குடும்பத்து குரூப்பில் போட்டேன். கீழே 'அப்பாவுக்காக' என்று ஒரே ஒரு வார்த்தை. (அப்பா அப்போது அந்த குரூப்பில் இல்லை.) போனை அணைத்துப் பையில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாகப் பாடம் கேட்டேன்.

பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் நாற்பத்தொரு அழைப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே பெரியம்மாவின் செய்தி: "கலா, உடனே வீட்டுக்கு வா. எல்லாரும் வந்துட்டாங்க."

அம்மாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அப்பாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அப்பா வீடு இருக்கும் தோ பாயோவுக்கு டாக்சியில் போகும்போது ஒரே ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வந்தது. காலையில் அப்பா போனில், "வரும்போது ரெண்டு வடை வாங்கிட்டு வாம்மா" என்றார். "கொலஸ்ட்ரால் இருக்கு, பேசாம இருங்க" என்று வெடுக்கென்று வைத்துவிட்டேன்.

புளோக்கின் கீழே சித்தப்பா நின்றிருந்தார், கையில் பெரிய ரோஜா மாலையுடன். அக்கா கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதற்காக ஆறு வருடமாக எங்கள் வாசலை மிதிக்காத மனிதர். அவரே மாலையோடு வந்திருக்கிறார் என்றால் இனிச் சந்தேகம் ஏது?

"சித்தப்பா!"

"கலா... அண்ணன் ஒரு வார்த்தை பேசாம போய்ட்டாரேம்மா! நான்தான் பேசியிருக்கணும். நான்தான் தப்பு."

எட்டாவது மாடி வரை லிஃப்டில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். மார்க்கெட் பையோடு நின்ற சீன ஆன்ட்டி ஒரு டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினார். எப்போது, எப்படி என்று நானும் அவரைக் கேட்கவில்லை, அவரும் என்னைக் கேட்கவில்லை. (அழுகிற நேரத்தில் விவரம் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.)

கதவு திறந்திருந்தது. ஹாலில் பதினைந்து பேர். நடுவில், சோபாவில், கைலியும் பனியனுமாக, கையில் கோப்பியுடன் அப்பா.

அப்படியே செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்தேன்.

"வாம்மா டைரக்டர்," என்றார் அப்பா.

நடந்ததைப் பெரியம்மா சொன்னார். அவர்தான் முதலில் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு கதறியிருக்கிறார். அம்மாவும், யார் போனது என்று கேட்காமலே, கூடச் சேர்ந்து கதறியிருக்கிறார். பத்து நிமிடம் கழித்து அப்பா துண்டோடு குளியலறையிலிருந்து வந்து, "யாரு போய்ட்டாங்க?" என்று கேட்டதும் பெரியம்மா தரையில் சாய்ந்துவிட்டாராம். அதற்குள் ஆட்கள் வந்து குவிய, அந்தச் சத்தத்தில் போன் அடித்தது யாருக்கும் கேட்கவில்லையாம்.

அப்பா சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "ஆறு வருஷம் கழிச்சு வர்ற, வெறும் மாலையோட வந்திருக்க. ரெண்டு வடை வாங்கக் கூடாதா?"

சித்தப்பாவின் முகம் சிவந்தது. "உயிரோடதான் இருக்கீங்களா? என்னை வரவழைக்க இப்படி ஒரு நாடகமா?"

விறுவிறுவென்று லிஃப்டுக்குப் போனார். லிஃப்ட் திறந்தது. உள்ளேயிருந்து அப்பாவின் பட்டறை நண்பர்கள் ஆறு பேர் வெளியே வந்து, "தம்பி, மனசைத் தேத்திக்கப்பா" என்று ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை மறுபடி உள்ளே கூட்டிவந்தார்கள். அம்மா அவர் கையில் கோப்பியைத் திணித்தார்.

அப்புறம் என் படத்தை டிவியில் போட்டார்கள். அவமானத்தில் நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அப்பா கடைசி வரை அமைதியாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "'நல்ல மனிதராக இருந்தார்'ங்கிற. இப்ப என்ன கெட்டுப்போய்ட்டேன்?"

"இல்லப்பா... டீச்சர்தான் இறந்தகாலத்துல சொல்லணும்னு..."

முதலில் சிரித்தது சித்தப்பாதான். கோப்பி மூக்கில் ஏறிவிட்டது. தலையில் தட்டிவிட்டது அப்பா.

மாலையைச் சாமிக்கும் போட முடியவில்லை, ஆசாமிக்கும் போட முடியவில்லை. இரண்டு நாள் செருப்பு அலமாரி மேலேயே கிடந்தது.

அன்றே அப்பாவை குரூப்பில் சேர்த்துவிட்டோம். இன்றுவரை தினமும் காலை ஏழு மணிக்கு அவர் ஒரே ஒரு சொல் அனுப்புகிறார்: "நிகழ்காலம்." ஐந்து நிமிடம் தாமதமானால் சித்தப்பா போன் செய்துவிடுவார்: "அண்ணே, இருக்கீங்களா?"

போன வாரம் அப்பா வீட்டில் தங்கியிருந்தேன். ஏழு மணி தாண்டி நாலு நிமிடம். அப்பா அந்தச் சொல்லை அடித்து முடித்துவிட்டு, அனுப்பாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, அனுப்பலையா?"

"சும்மா இரு," என்றார். போன் அடித்தது.