கஞ்சாவில் விழுந்த புழுவும் வாசலுக்கு வந்த தேனீயும்

லுசிகிசிகி ஊருக்கு மேற்கே, மலைச்சரிவு வீட்டிலிருந்து

மரியாதைக்குரிய மதினி மக்வாலோ அவர்களுக்கு, உங்கள் தம்பி போனகெலேயின் மனைவி மம்பிங்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தம்பியும் மாடுகளும் கோழிகளும் உயிரோடு இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்காலும் பேரப்பிள்ளைகளும் நல்லபடி இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேசி முடித்துவிடுவீர்கள். நன்றி சொல்ல வேண்டியவள் நான் என்பதால், இந்த ஒரு தடவை யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் மன்னிப்பை முடித்துவிடுகிறேன். நான் கல்யாணமாகி வந்த அன்று நீங்கள் எனக்குப் போர்த்திவிட்ட கம்பளியில் நெருப்புப் பட்ட ஓட்டை இருந்ததே, இடது ஓரத்தில், என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு, அதை மன்னித்துவிட்டேன். மாமியார் காரியத்தில் மாடு அடித்துப் பங்கு வைத்தபோது எனக்கு மட்டும் கழுத்தெலும்பு வந்ததையும் மன்னித்துவிட்டேன். மூன்று கால் இரும்புச் சட்டியை இரவல் வாங்கிப் போய் இரண்டு காலோடு திருப்பித் தந்தீர்களே, அதைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

ஏன் மன்னித்தேன் என்றால், இந்தக் குளிர்காலத்தில் உங்கள் தம்பி தூங்குகிறார் மதினி. அது உங்களால்தான். சுரங்கத்தில் நெஞ்சைத் தொலைத்துவிட்டு வந்த மனுஷனுக்குக் குளிர் வந்தால் எலும்பெல்லாம் குடையும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுக் கஞ்சா இலையைக் காய்ச்சிக் குடித்தால்தான், கொழுப்பில் வதக்கி முட்டியில் தேய்த்தால்தான் கண் மூடுவார். வருஷத்துக்கு ஒரு அறுப்பு. அது போனால் அந்த வருஷத் தூக்கமும் போச்சு. அந்தக் காலத்தில் போலீஸ்காரர்கள் ஹெலிகாப்டரில் வந்து மேலேயிருந்து மருந்தைக் கொட்டினார்கள், கஞ்சாவோடு என் பூசணிக்கொடியும் கருகியது, அதை நான் மன்னிக்கவில்லை, அது வேறு கதை. இப்போது வீட்டுக்கென்று வளர்த்தால் யாரும் கேட்பதில்லை. நாலு செடி வைத்தோம், மாட்டுப்பட்டிக்குப் பின்னால், என் இடுப்பைத் தாண்டி நின்றது.

மொட்டுக் கட்டும் நேரம் பார்த்து அசுவினிப் பூச்சி வந்தது. இலைக்கு அடியில் பச்சைப் பச்சையாக, அப்பிய மாவு மாதிரி. அதை எறும்புகள் நம் பையன்கள் மாடு மேய்ப்பது போல மேய்த்துக்கொண்டிருந்தன. சாம்பல் தூவினேன், காற்று அதை என் கண்ணிலேயே தூவியது. சோப்புத் தண்ணீர் அடித்தேன், அன்றைக்கே மழை வந்து கழுவிவிட்டது. கோழிகளை விட்டுப் பார்த்தேன், அவை பூச்சியைத் தொடாமல் வேரைக் கிளறிப் போட்டன. கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளி வைத்து, குட்டி முதலை மாதிரி ஒரு ஜந்து இலையில் ஊர்ந்தது. இதுதான் தலைவன் என்று பார்த்த இடத்திலெல்லாம் கட்டைவிரலால் நசுக்கினேன். நசுக்க நசுக்க அசுவினி கூடியது. அதற்கப்புறம் மொட்டுக்குள் புழு விழுந்தது. வெளியே பார்த்தால் நல்ல கொத்து, விரலை வைத்தால் உள்ளே கூழ்.

பக்கத்து வீட்டு மட்லோமோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். "இதுக்குப் போயி அழறியே, மாட்டு உண்ணிக்கு முக்குற மருந்து எங்கிட்ட இருக்கு, ஒரு மூடி ஊத்தி அடி, யானையே விழுந்துரும்" என்றாள். வாங்கி வந்துவிட்டேன். உங்கள் தம்பி பார்த்துவிட்டார்.

"அடியே, அந்த இலையை நான்தான குடிக்கணும்?"

"கழுவிட்டுத்தான குடிப்பீங்க?"

"மாடே அதை நக்குனா நுரை தள்ளுதுடி."

"மாடு வாயை மூடிட்டு நிக்குது, நீங்கதான் பேசிட்டே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதைச் செய்யாமல் என்னால் இருக்க முடியாது, அது என் அப்பா வீட்டு ரத்தம். மறுநாள் விடிந்ததும் மருந்தடிக்கிற பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

அப்போதுதான் மதினி, பட்டியின் வாசல் கம்பத்தில் தேனீ. ஒன்று இரண்டு இல்லை, கறுப்புத் தாடி மாதிரி ஒரு கூட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் தம்பி ஏற்கெனவே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "பெரியவங்க வந்திருக்காங்கடி" என்றார், குரல் தழுதழுக்க. என் கையில் விஷம். தேனீ உருவில் முன்னோர்கள் வீடு தேடி வந்திருக்கும்போது அவர்கள் மூக்குக்கு நேரே மருந்தடிப்பவள் எந்த வீட்டு மருமகள்? பம்பை இறக்கி வைத்தேன். வந்தது உங்கள் க்வாலோ குலத்துப் பெரியவர்கள், மருமகளான நான் அவர்களோடு பேச முடியாது, அந்தப் பட்டிக்குள் காலும் வைக்க முடியாது. அந்த வீட்டில் பிறந்த பெண்பிள்ளை வந்து பேச வேண்டும், கள் காய்ச்சி ஊற்ற வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசிப்பதற்குள் உங்கள் தம்பி போனைக் காதில் வைத்துவிட்டார்.

நீங்கள் வேனிலிருந்து இறங்கிய கோலம் எனக்கு மறக்காது. நீளப் புகைக்குழாயை வாயில் வைத்துக்கொண்டே இறங்கினீர்கள். என்னைப் பார்த்து நலமா என்று கேட்கவில்லை, "இன்னும் இந்தக் கம்பளியைத்தான் போத்திருக்கியா?" என்றீர்கள். பொறுத்துக்கொண்டேன். நேரே கம்பத்துக்குப் போய், "க்வாலோக்களே, வந்தது சந்தோசம், பசியா இருக்கும், கள்ளு புளிக்கிற வரைக்கும் பொறுங்க" என்று நீங்கள் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அழுதேன். நீங்கள் பார்க்காத பக்கம் திரும்பி அழுதேன்.

சோளம் முளைகட்டி அரைத்து வைத்திருந்தேன், அதைக் கரைத்துப் புளிக்க விட்டோம். அதுவரைக்கும் மருந்துப் பேச்சே இல்லை. நீங்கள்தான் சும்மா இருக்க மாட்டீர்களே, செடிப் பக்கம் போனீர்கள்.

"ஏ மம்பிங்கா, கறுப்பா குட்டி முதலை மாதிரி ஊருமே, அதெல்லாம் எங்கடி?"

"நான்தான் கொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"கண்ணுல பட்டதை எல்லாம்."

"அடிப் பாவி, அது பொறிவண்டுக் குஞ்சுடி! அசுவினியைத் தின்னுறதே அதுதான். காவல்காரனைக் கொன்னுட்டுத் திருடனைத் தேடுறியே!"

அந்தச் சொல் குத்தியதுதான். ஆனாலும் நீங்கள் ஆட்டுக் கொழுப்பை எடுத்துத் தண்டைச் சுற்றித் தடவினீர்கள், அசுவினிக்குக் காவல் நிற்க மேலே ஏற வழியில்லாமல் எறும்புகள் திகைத்து நின்றன. ஓடைப் பக்கத்துச் செடிகளிலிருந்து பொறிவண்டுகளை உங்கள் முந்தானையில் பிடித்து வந்து விட்டீர்கள். விடியற்காலையில் என்னை எழுப்பிக் கூட்டிப்போய், பச்சைக் கொத்துக்குள் ஒரே ஒரு இலை மட்டும் பழுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தால் அதைத் தொட்டு இழு, கையோடு வந்தால் கீழே புழு இருக்கிறது என்று காட்டினீர்கள். இழுத்தால் வந்தது. உள்ளே மிளகுத்தூள் போலப் புழுக்கை, அதற்கடியில் கொழுத்த புழு. அழுகியதை அறுத்துத் தூர எறிந்தோம். ஆளுக்கு ஒரு செடியாக உட்கார்ந்து பொறுக்கினோம். நீங்கள் பொறுக்கிய புழுவைவிட நான் பொறுக்கியது அதிகம், அதை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பரவாயில்லை. பொறுக்கும்போது நீங்கள் உங்கள் வீட்டுக்காரர் கடைசி நாட்களில் வலியில் கிடந்ததைச் சொன்னீர்கள். "அவருக்குக் குடுக்க எங்கிட்ட ஒரு இலை இல்லடி அப்ப" என்றீர்கள்.  உங்கள் செடியிலும் நான் கொஞ்சம் பொறுக்கினேன்.

கள் புளித்தது, நீங்கள் பட்டிக்குள் போய் ஊற்றினீர்கள், உங்கள் தம்பி கம்பத்துப் பக்கம் குனிந்து கும்பிட்டு எழுந்தார், தேனீக்கள் எழும்பி மலைப் பக்கம் போயின. ஊரே பார்த்தது. மட்லோமோகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மருந்தை அவள் வேலியிலேயே வைத்துவிட்டு வந்தேன். செடி பிழைத்தது மதினி. ஒரு செடி முழுக்கப் போனாலும் மற்ற மூன்றும் பானை நிறைய வந்தன. உங்கள் தம்பி குடிக்கிறார், தூங்குகிறார். அந்த மருந்தை நான் அடித்திருந்தால் இந்தக் குளிருக்கு அவரே இருந்திருக்க மாட்டார். பெரியவர்கள் வந்து தடுத்தார்கள், நீங்கள் வந்து காப்பாற்றினீர்கள். உங்கள் காலில் விழுந்து சொன்னதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் உங்கள் கூரையைக் காக்கட்டும், உங்கள் பசுக்கள் கிடாரியாகவே ஈனட்டும், உங்கள் முழங்கால் மடங்கி நிமிரட்டும்.

என்றும் உங்கள் தம்பி மனைவி,
மம்பிங்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் தம்பியின் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு தீப்பெட்டி. ஊசியால் குத்திய துளைகள், உள்ளே காய்ந்த தேன், கட்டிய நூல். இது என்ன என்று கேட்டேன். முதலில் இருமினார். அப்புறம் சொன்னார். தேன் எடுக்கிற அவர் கூட்டாளி ஜொங்கிலேயிடம் ராணித் தேனீ ஒன்றை வாங்கித் தீப்பெட்டியில் அடைத்துக் கம்பத்தில் கட்டினாராம், அதன் கூட்டம் தானாக வந்து மொய்த்ததாம். கள் ஊற்றிய அன்று குனிந்தது கும்பிட இல்லையாம், பெட்டியைத் திறந்துவிட. "உங்கிட்ட வாயால ஜெயிக்க முடியுமாடி? அந்த மருந்தைக் குடிச்சுச் சாகவா?" என்கிறார். இந்த யோசனை யாருடையது என்று கேட்டதற்கு, "நீ மருந்து வாங்கிட்டு வந்த அன்னிக்கே அக்காதான் போன்ல சொன்னா" என்கிறார்.

மதினி, க்வாலோக்களே பசியா இருக்கும் என்றீர்களே! நான் அழுதேனே! மேலே எழுதிய மன்னிப்பு அத்தனையையும் அடிக்க வேண்டும், ஆனால் வேறு தாள் இல்லை, அதனால் அடித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். நன்றியையும்தான். வராத பெரியவர்களுக்கு வந்ததாகச் சொல்லிக் கள் ஊற்றியிருக்கிறீர்கள், அதற்கு மறுபடி கள் காய்ச்சி மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள், அவர்கள் உங்கள் ஆட்கள். அடுத்த வேனிலேயே வந்து சேருங்கள், பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

உங்கள் தம்பியையும் திட்டி முடிக்கவில்லை. பாதியில் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். மீதியைச் சொல்ல இப்போதுதான் உள்ளே போனேன். இருமல் இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி தூங்குகிறார். கோழி கத்தி எழுப்பிவிடப் போகிறதே என்று அதை விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.